நகல்: குடும்பத் தலைவருக்கு

மயிலாப்பூர்
17.6.1999

அன்புள்ள அக்காவுக்கு மது நமஸ்காரம். இங்கே நான், குழந்தை யாமினி, மாமனார், மாமியார் எல்லோரும் சௌக்கியம். யாமினிக்கு மட்டும் இருமல் விட்டபாடில்லை. இருமி முடித்துவிட்டு ஒன்றும் நடக்காதது போல் சிரிக்கிறாள். நான்தான் ராத்திரியெல்லாம் விழித்துக்கொண்டிருக்கிறேன். நாகபுரி வெயிலில் நீயும் அத்திம்பேரும் எப்படி இருக்கிறீர்கள்?

அத்திம்பேர் ஆபீஸுக்கு மெயில் வராமல் தபால்காரர் கையில் கடிதம் வருகிறதே என்று பார்க்கிறாயா? இனிமேல் இப்படித்தான். என் மெயிலை யாரோ படிக்கிறார்கள்.

'வாசற்படி டாட் காம்' என்று தி.நகரில் புதிதாக ஆரம்பித்திருக்கிறார்கள் என்று சொன்னேன் இல்லையா? கச்சேரி விவரம், வரன், சமையல், வேலைவாய்ப்பு எல்லாம் ஒரே இடத்தில். வேலைக்காக அதில் பெயர் பதிந்துகொண்டேன். மே மாதம் ஒருநாள் எவ்வளவு முயன்றாலும் உள்ளே விடமாட்டேன் என்றது. போன் பண்ணினேன். எடுத்த பெண், "இன்னா மேடம் பாஸ்வேர்டு போட்டீங்க?" என்றாள். அதைப் போய் எப்படிச் சொல்வது என்றேன். "நீங்க சொல்லாங்காட்டி போங்க, எங்கிட்டயே கீது. போதும்போதும். அதானே? கரீட்டாத்தான் கீது. சர்வர்தான் மக்கர் பண்ணிக்கினு கீது" என்று கத்தினாள். ரிசீவரைத் தாண்டிக் கூடம் முழுக்கக் கேட்டது. மாமனார் பேப்பரைத் தாழ்த்தி, "எது போதுமாம்? காபியா?" என்றார். எனக்கு உயிர் போய்விட்டது.

அதே பாஸ்வேர்டுதான் மெயிலுக்கும். திட்டாதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அடையாறு கம்பெனியில் இன்டர்வியூ என்று உன் ஒருத்திக்குத்தான் மெயில் எழுதினேன். போனில் அவரிடம்கூடச் சொல்லவில்லை. வேலை கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம், அதற்கு முன்னால் சொன்னால் குழந்தையை யார் பார்ப்பது என்று ஆளுக்கொரு பேச்சு வரும் என்றுதான். அன்று காலை பார்த்து மாமியாரும் மாமனாரும் வேளச்சேரியில் மாமியாரின் தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். யாமினியைத் தூக்கிக்கொண்டு மந்தைவெளியில் பஸ்ஸுக்கு ஓடி, கைப்பை வார் அறுந்து, சாமான் தெருவில் கொட்டி, போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது என்று மறுநாள் உனக்கு மெயிலில் அழுதேனே, அந்த மெயில் எழுதிய அன்று சாயங்காலம் மாமியார் திரும்பி வந்தார். செருப்பைக் கழற்றும்போதே, "அடையாறு இன்டர்வியூ என்னாச்சு?" என்றார்.

அக்கா, அவருக்கு எப்படித் தெரியும்? கம்ப்யூட்டர் பக்கமே போகாதவர். உன் மூலமாகப் போயிருக்காது. அந்தத் தி.நகர் ஆபீஸிலிருந்து யாரோ என் பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு வேலை காட்டுகிறார்கள். மெயிலுக்கு வேறு பாஸ்வேர்டு போட்டுவிட்டேன். இருந்தாலும் இனி எனக்கு அதில் எழுதக் கை வராது.

குழந்தைகளுக்கு என் முத்தங்கள்.
மது

---

நாகபுரி
28.6.1999

சௌபாக்யவதி மதுவுக்கு அக்காவின் ஆசீர்வாதம். இங்கே மழை இறங்கிவிட்டது, எல்லோரும் பிழைத்தோம். யாமினிக்கு வெந்நீர் மட்டும் கொடு. டாக்டரை மாற்றிக்கொண்டே இருக்காதே.

திட்டாதே என்று எழுதினால் திட்டாமல் இருப்பேனா? வாசல் கதவுக்கும் பீரோவுக்கும் ஒரே சாவி வைத்துக்கொண்டு, அந்தச் சாவியைத் தி.நகரில் முன்பின் தெரியாதவனிடம் கொடுத்திருக்கிறாய். கம்ப்யூட்டர் டிப்ளமா வாங்கினவள் நீ!

அந்தக் கம்பெனிக்கு மறுபடி எழுது. குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று சொல், பொய்யில்லையே. அந்தத் தி.நகர்க்காரனுக்கும் காட்டமாக ஒன்று எழுது.

மாமியாரிடம் நேராகக் கேட்டாயா? நீ கேட்டிருக்க மாட்டாய். உள்ளுக்குள்ளேயே பொங்கிக்கொண்டிருப்பாய்.

எது போதும் என்று நான் கேட்கவில்லை. நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

ரஞ்சனி

---

மயிலாப்பூர்
5.7.1999

பெறுநர்: திரு. கோதண்டபாணி, உரிமையாளர், வாசற்படி டாட் காம், தி.நகர்.

ஐயா, வணக்கம். தங்கள் ஸ்தாபனம் நலமாக நடைபெறுகிறது என்று நம்புகிறேன். நடைபெறும் விதம்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

நான் தங்கள் உறுப்பினர். என் பாஸ்வேர்டைத் தங்கள் ஊழியர் போனில் உரக்கப் படித்துக் காட்டினார். நான்தான் பேசுகிறேனா என்றுகூடக் கேட்கவில்லை. பாஸ்வேர்டு என்பது எனக்கு மட்டும் தெரிய வேண்டியது. தங்களுக்கும் தெரியக்கூடாது. அது எப்படி முடியும் என்று கேட்பீர்கள். அரிசியை மாவாக அரைத்து வைப்பதுபோல் வைக்க வேண்டும். மாவைத் திரும்ப அரிசியாக்க ஒருவராலும் முடியாது. நான் ஒவ்வொரு முறை வரும்போதும் கொண்டுவரும் அரிசியை அதே விதமாக அரைத்து, இரண்டு மாவும் ஒன்றுதானா என்று பார்த்து உள்ளே விட்டால் போதும். இதற்கான வழிகள் வெகுநாளாக இருக்கின்றன. தாங்கள் அரிசியை அப்படியே வாசலில் கொட்டி வைத்திருக்கிறீர்கள்.

இதனால் என் சொந்தக் கடிதங்கள் படிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு நல்ல வாய்ப்பு கைநழுவியிருக்கிறது. என் விவரங்களை உடனே அழித்துவிட்டு, என் பாஸ்வேர்டு யார் யாருக்குத் தெரியும் என்று எழுத்துமூலம் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
மதுவந்தி ஜெயராம்

---

நியூஜெர்ஸி
11.7.1999

அன்புள்ள மதுவுக்கு, நலம். நீயும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும். அப்பா அம்மாவுக்கு என் நமஸ்காரத்தைச் சொல்.

இங்கே வேலை கழுத்தை நெரிக்கிறது. வருஷம் இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர்கள் ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்று நினைத்துக்கொள்ளுமாம். எவனோ அந்தக் காலத்தில் வருஷம் எழுதுவதில் இரண்டு இலக்கம் மிச்சம் பிடித்ததற்கு நாங்கள் ஊர்விட்டு ஊர் வந்து வரிவரியாகத் திருத்திக்கொண்டிருக்கிறோம். ஜனவரி முடியாமல் லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அறையில் எங்கள் நாலு பேருக்கும் நான்தான் சாம்பார்.

நீ மெயிலே அனுப்புவதில்லையே, ஏன்? போனில் அம்மா பக்கத்தில் இருப்பதால் நீயும் பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை.

யாமினி இருமல் தேவலையா? வரும்போது உனக்கு நல்லதாக ஒரு கைப்பை வாங்கி வருகிறேன். வார் அறுந்ததை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவாய்?

உடம்பைப் பார்த்துக்கொள்.
ஜெயராம்

---

[தபால் அட்டை]

தி.நகர்
19.7.1999

அன்புடையீர், வணக்கம். தங்கள் 5ஆம் தேதியிட்ட கடிதம் கிடைக்கப்பெற்று மகிழ்ந்தோம்.

தங்கள் ரகசியச் சொல்லாகிய 'போதும்போதும்' எங்களிடம் மிகப் பத்திரமாக உள்ளது என்று இதன்மூலம் உறுதி கூறுகிறோம். இதுவரை ஒரு உறுப்பினருடைய ரகசியச் சொல்லும் எங்களிடம் தொலைந்ததில்லை.

அரிசி மாவு பற்றித் தாங்கள் எழுதிய குறிப்பு எங்கள் சமையல் பகுதிக்கு அனுப்பி வைக்கப்பட்டுள்ளது.

தங்கள் ரகசியச் சொல் வெளியார் எவருக்கும் தரப்படவில்லை. எங்கள் வழக்கப்படி, மே மாதம் தாங்கள் போனில் விசாரித்த அன்றே குடும்பத் தலைவருக்கு மட்டும் இ-மெயில் மூலம் தெரிவிக்கப்பட்டது. சேர்ந்த உறுப்பினரை நீக்கும் வசதி தற்போது இல்லை.

என்றும் தங்கள் சேவையில்,
கோதண்டபாணி

நகல்: குடும்பத் தலைவர் திரு. ஜெயராம் அவர்களுக்கு

---

மயிலாப்பூர்
6.8.1999

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம். பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. யாமினி இருமல் நின்றது. இப்போது சட்டைப் பொத்தானை வாயில் போட ஆரம்பித்திருக்கிறாள். கண் அந்தண்டை இந்தண்டை போக முடியவில்லை. அத்திம்பேர் கால்வலி எப்படி இருக்கிறது?

இதோடு அந்த வாசற்படிக்காரர் அனுப்பிய கார்டை வைத்திருக்கிறேன், படி. என் பாஸ்வேர்டை மறுபடியும் கொட்டை எழுத்தில், அதுவும் திறந்த கார்டில்! தபால்காரர் படித்து, மாமனார் படித்து, கடைசியாக என்னிடம் வந்தது. "அரிசி மாவுல என்னம்மா பண்ணச் சொல்லி எழுதினே?" என்று கேட்கிறார் மாமனார். சிரிப்பதா அழுவதா?

யாமினியை இடுப்பில் வைத்துக்கொண்டு தி.நகருக்கே போய்விட்டேன். பாண்டி பஜாரில் ஒரு பாத்திரக்கடை மாடி. கோதண்டபாணி நல்ல மனுஷர்தான், அதுதான் எரிச்சல். குழந்தைக்கு பிஸ்கெட் கொடுத்து உட்காரவைத்தார். கம்ப்யூட்டரைத் திருப்பி என் பக்கம் காட்டினார். உறுப்பினர் எல்லோருடைய பெயரும் எதிரிலேயே பாஸ்வேர்டும் பளிச்சென்று தெரிகிறது. எங்கள் தெருப் பாட்டு டீச்சருடையதைக்கூடப் பார்த்துவிட்டேன், இனி அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

"பாருங்க மேடம், எவ்ளோ நீட்டா அகர வரிசையில வெச்சிருக்கோம்!"

"சார், இது உங்களுக்கே தெரியக்கூடாது."

"எங்களுக்கே தெரியாதுன்னா நீங்க மறந்துட்டா யார் எடுத்துக் குடுப்பா?"

"மறந்தா எடுத்துத் தரக்கூடாது சார். புதுசா போட்டுக்கச் சொல்லணும்."

"அது கஷ்டமாச்சே. லேடீஸ் மறந்துண்டே இருக்கா. அதனாலதான் ஃபாரத்துல குடும்பத் தலைவர் மெயில் ஐடியை கட்டாயம்னு வெச்சோம். ஒரு பொறுப்பான ஆள் கையில இருக்கட்டுமேன்னு."

"நான் பொறுப்பான ஆள் இல்லியா?"

"சேச்சே. என் சம்சாரத்தோட பாஸ்வேர்டுகூட எங்கிட்டதான் இருக்கு மேடம்."

அக்கா, இதற்கு மேல் என்ன பேசுவது? போனில் கத்தின பெண் மட்டும், "நான் அப்பவே சொன்னேன் சார், என்னுதை மட்டும் இதுல போடாதீங்கன்னு" என்றாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது!

பதியும்போது நான்தான் குடும்பத் தலைவர் என்று எங்காத்துக்காரர் மெயில் விலாசத்தை எழுதினேன். எழுதாவிட்டால் ஃபாரம் மேலே நகரமாட்டேன் என்றது.

நியூஜெர்ஸியிலிருந்து ஜூலையில் அவர் கடிதம் வந்தது. கைப்பை வாங்கி வருகிறாராம், பழையதற்கு வார் அறுந்துவிட்டதாம். முதலில் படித்தபோது சந்தோஷமாகக்கூட இருந்தது. கார்டைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. அந்த வாரை உனக்கு மெயிலில் எழுதினேன். வேறு யாருக்கும் எழுதவில்லை, சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஊக்கு போட்டுவிட்டேன், மாமியார்கூடப் பார்க்கவில்லை.

இத்தனை நாள் யார் யாரையோ சந்தேகப்பட்டேன். பிரவுசிங் சென்டர் மெஹபூப் அலி பாய் முகத்தைக்கூட ஏறிட்டுப் பார்க்காமல் இருந்தேன், பாவம்.

கம்பெனியில் செப்டம்பரில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். தேதி எழுதமாட்டேன். உன்மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை.

மது

---

நாகபுரி
17.8.1999

மதுவுக்கு ஆசீர்வாதம். அத்திம்பேர் நடக்கிறார், கவலைப்படாதே.

கார்டைப் படித்து அத்திம்பேர் விழுந்து விழுந்து சிரித்தார். உன் கடிதத்தைப் படித்த பிறகு சிரிக்கவில்லை. மறுநாள் தன் ஆபீஸ் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு வந்தார். புதியது என்ன என்று நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

மாப்பிள்ளைக்கு நீயே எழுது. நீளமாக எழுதாதே. நீளமாக எழுதினால் கடைசியில் மன்னிப்பு கேட்டுவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும்.

தேதி எனக்கு வேண்டாம். போய்விட்டு வா.

ரஞ்சனி

---

மயிலாப்பூர்
24.8.1999

அநேக நமஸ்காரம். இங்கே எல்லோரும் க்ஷேமம். யாமினி சௌக்கியம். உங்கள் சௌக்கியத்துக்கு எழுதவும்.

கைப்பை வேண்டாம். வார் அறுந்ததை உங்களுக்கு யார் சொன்னது?

மது

---

மயிலாப்பூர்
28.9.1999

அநேக நமஸ்காரம். அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது என்று போனில் அம்மாவிடம் சொன்னீர்களாமே, ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள்.

என் கடிதம் வந்திருக்கும். வரவில்லை என்றால் போனில் சொல்லியிருப்பீர்கள். நாலு ஞாயிற்றுக்கிழமையாகக் கூப்பிடுகிறீர்கள். யாமினி எத்தனை வார்த்தை பேசுகிறாள் என்று கேட்கிறீர்கள், மழை வந்ததா என்று கேட்கிறீர்கள், காஸ் சிலிண்டர் வந்ததா என்றுகூடக் கேட்கிறீர்கள். நான் கேட்டது ஒன்றே ஒன்று.

அந்த வாசற்படிக்காரர் மேல் எனக்கு எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா? இப்போது யோசித்துப் பார்த்தால் அவர் செய்தது முட்டாள்தனம். கதவைத் திறந்து வைத்தார். ஆனால் அவர் ஒருநாளும் உள்ளே வரவில்லை.

வரவர நானும் மாறிவிட்டேன். பால்கணக்கு எழுதும்போதுகூட யாராவது எட்டிப் பார்க்கிறார்களோ என்று திரும்பிப் பார்க்கிறேன். இப்படி ஆக்கிவிட்டீர்களே.

மது

---

நியூஜெர்ஸி
14.10.1999

அன்புள்ள மதுவுக்கு, நலம். நீங்கள் எல்லோரும் நலம்தானே?

எப்படி எழுதுவது என்று தெரியாமல் நாள் கடந்துவிட்டது. நான் தேடிப் போகவில்லை மது. அந்த மெயில் தானாக வந்தது. 'தங்கள் குடும்ப உறுப்பினரின் ரகசியச் சொல்' என்று போட்டு, கீழே அந்த வார்த்தை. பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கல்யாணமாகி நாலு வருஷத்தில் நீ என்னிடம் எது ஒன்றையும் போதும் என்று சொன்னதில்லை. என்னைத்தான் சொல்கிறாயா, என் வீட்டைச் சொல்கிறாயா என்று தெரிய வேண்டியிருந்தது. உன் மெயிலில் போட்டுப் பார்த்தேன், திறந்துகொண்டது. திறக்காது என்றுதான் நினைத்தேன். ஒரே பாஸ்வேர்டை எல்லா இடத்திலும் போடுவது தப்பு, அது உனக்கே தெரியும்.

அன்று ஆத்தில் இருக்காதே என்று அம்மாவிடம் நான் சொல்லவில்லை. 'மது இன்டர்வியூ போகிறாளாமே, உனக்குத் தெரியுமா?' என்று கேட்டேன், அவ்வளவுதான். அம்மா கிளம்பிப் போவாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? வேலைக்குப் போக வேண்டும் என்றால் என்னிடம் நீ முதலில் சொல்லியிருக்கலாம். குழந்தை விஷயம், நானும் ஊரில் இல்லை, எல்லாவற்றையும் யோசிக்க வேண்டாமா?

எப்படியும் அதெல்லாம் முடிந்துபோன கதை. ஜூன் மாதத்துக்குப் பிறகு நான் எதையும் படிக்கவில்லை. இப்போது திறக்கவும் முடியவில்லை.

அடுத்து என்ன செய்வதாக இருந்தாலும் தயவுசெய்து முன்கூட்டி எனக்குத் தெரிவி.

ஜெயராம்

---

மயிலாப்பூர்
24.11.1999

அநேக நமஸ்காரம். இங்கே எல்லோரும் சௌக்கியம். மழை ஓய்ந்தபாடில்லை. துணி காயவில்லை. யாமினி முழு வாக்கியம் பேசுகிறாள், அதில் பாதி என்னைத் திட்டுவது.

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். 'இப்போது திறக்கவும் முடியவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். முடியவில்லை என்பது முயன்று பார்த்தவருக்குத்தான் தெரியும். அதை நீங்கள் கவனிக்கவில்லை, பரவாயில்லை.

என்ன போதும் என்று என்னிடமே கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீங்கள் விமானம் ஏறிய வாரத்தில் போட்டது அது. யாமினிக்கு ஜுரம், தூக்கமில்லை, யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. பாஸ்வேர்டு கேட்டது, கைக்கு வந்ததைப் போட்டேன். உங்களைப் பற்றியா என்று கேட்டால், அன்றைக்கு இல்லை.

உங்கள் கடிதம் வந்த அன்று அம்மாவிடம் நேராகவே கேட்டேன். "உன் லெட்டரை நான் படிச்சேன்னு நெனச்சியாக்கும்? எனக்கு அந்த டப்பாவை எங்க தொடறதுன்னே தெரியாதுடி. என் பிள்ளை சொன்னான். மருமாள் சொல்லாததைப் பிள்ளை ஃபாரின்லேர்ந்து சொல்றானேன்னு கோவிச்சுண்டு வேளச்சேரிக்குப் போனேன். நீயே வந்து சொல்லியிருந்தா ஆத்துலயே இருந்திருப்பேன்" என்றார். ஐந்து மாதம் இவரை நான் முறைத்துக்கொண்டிருந்தேன்.

அதனால் இந்த முறை அம்மாவிடம் முதலிலேயே சொன்னேன். "நானே அவருக்கு எழுதறேம்மா, நீங்க போன்ல சொல்லிடாதீங்கோ" என்று கேட்டுக்கொண்டேன். "நான் எதுக்குச் சொல்லப்போறேன்? அவன்தான் இங்க நடக்கறதெல்லாம் அங்கேர்ந்தே தெரிஞ்சுக்கறவனாச்சே" என்றார். அப்பா சிரித்து காபி புரையேறிவிட்டது.

பதினைந்தாம் தேதி திங்கட்கிழமை அடையாறு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். வெளிநாட்டுப் புத்தகங்களை அச்சுக்குப் போகும் முன் கம்ப்யூட்டரில் படித்துத் திருத்தும் வேலை. மத்தியானம் வரை யாமினியை லஸ்ஸில் ஒரு க்ரெஷில் விடுகிறேன், பிறகு அம்மா கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறார். முதல் நாள் அவள் அழவில்லை. நான் பஸ்ஸில் அழுதேன். இன்னமும் க்ரெஷ் வாசலைத் தாண்டும்போது, யாராவது அவள் கையில் பொத்தான் கொடுத்துவிடுவார்களோ என்று ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போகிறேன்.

முன்கூட்டித் தெரிவி என்று கேட்டிருந்தீர்கள். முன்கூட்டி நான் சொல்லாததையெல்லாம்கூட நீங்கள் தெரிந்துகொண்டீர்கள். அதனால் எனக்கு என்ன கிடைத்தது என்று யோசித்துப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் "என்ன விசேஷம்?" என்று கேட்டீர்கள். "ஒண்ணுமில்லை, வழக்கம்போலத்தான்" என்றேன். அப்போது நான் வேலைக்குப் போக ஆரம்பித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. கூடத்தில் அப்பாவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், யாமினிக்குக்கூடத் தெரியும். உங்களுக்கு மட்டும்தான் தெரியாது. உங்களுக்குத் தெரியாத ஒரு வாரம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையாக இருந்தது.

நன்றாகத்தான் இருந்தது.

மதுவந்தி